நடுராத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது யார்?
நர்சு பார்த்துச் சொன்னால் தப்பா?

திருப்பாச்சூர்.

நடுச்சாமம் மணி 1. திருப்பதி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்த ஒரு தொழிலாளி மோட்டார் சைக்கிளில் திருப்பாச்சூருக்குத் திரும்புகிறார். குறுக்கே ஒரு நாய். பிரேக் போடுகிறார். வண்டி சறுக்குகிறது. கையை ஊன்றி விழுகிறார்.

மணிக்கட்டு வீங்குகிறது. அக்கம்பக்கத்தார் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படம் வந்துவிட்டது.

படத்தை யார் பார்ப்பது?

இந்த ஆள் நான் உதாரணத்துக்குச் சொன்ன ஆள். ஆனால் இப்படி விழுகிறவர்கள் கற்பனை அல்ல. 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64 ஆயிரத்து 105. அந்த ஆண்டு இந்தியாவிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான். இது மத்திய அரசாங்கத்தின் கணக்கு. அதாவது சராசரியாக ஒரு நாளைக்கு 175 விபத்து.

விபத்துக்கு நேரம் காலம் கிடையாது. எக்ஸ்ரே எந்திரத்துக்கும் ராத்திரி பகல் தெரியாது. ஆனால் படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டருக்குத் தூக்கம் உண்டு, வீடு உண்டு, லீவு உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் இருப்பார். ஆனால் அதே நேரத்தில் அவர் முன்னால் நெஞ்சு வலிக்காரர் ஒருவர், விஷம் குடித்தவர் ஒருவர், பாம்பு கடித்தவர் ஒருவர் படுத்திருப்பார்கள். கை வீங்கியவர் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவரே. நர்சு.

அந்த நர்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது, இல்லை என்று சொல்லலாமா? இதுதான் கேள்வி. உலகம் முழுவதும் பல வருஷமாக இதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் ஊரிலும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பொத்தான் வேறு, படம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம்.

எக்ஸ்ரே எந்திரத்தை இயக்குவது ஒரு வேலை. அதற்கு ரேடியோகிராபர் என்று படித்தவர் இருக்கிறார். கதிர்வீச்சு ஆபத்தானது. அதனால் 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எக்ஸ்ரே எந்திரத்தை இயக்கக் கூடாது. அந்த அறையில் வேலை செய்கிறவர் சட்டையில் ஒரு சிறிய வில்லை குத்தியிருப்பார். எவ்வளவு கதிர் உடம்பில் பட்டது என்று அது கணக்குச் சொல்லும். நர்சு போய் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எடுத்த படத்தைப் பார்த்து அர்த்தம் சொல்வது இரண்டாவது வேலை. முறையாக ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை. அதற்கென்றே படித்தவர் ரேடியாலஜிஸ்டு. அவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி 1 மணிக்கு அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. "இந்தப் படத்தில் ஏதோ கோளாறு தெரிகிறது. டாக்டர், உடனே வந்து பாருங்கள்" என்று சொல்லும் வேலை. இதற்குத்தான் நர்சு தகுதியானவரா என்று கேட்கிறோம்.

இங்கிலாந்தில் சிவப்புப் பொட்டு

இங்கிலாந்தில் 1980-களில் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். விபத்துப் பிரிவில் எக்ஸ்ரே எடுப்பவர், படத்தில் கோளாறு இருப்பதாகத் தோன்றினால் அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார். ரிப்போர்ட் எதுவும் எழுத மாட்டார். பொட்டு மட்டும்தான். அதைப் பார்த்ததும் அவசரத்தில் இருக்கும் இளம் டாக்டர் உஷாராகி, படத்தை இரண்டாம் தடவை பார்ப்பார். முறிவு கண்ணுக்குத் தப்பிப்போவது இதனால் குறைந்தது.

அதற்குப் பிறகு நர்சுகளுக்கும் சிறப்புப் பயிற்சி கொடுத்தார்கள். சின்னக் காயங்களை முழுக்க அவர்களே பார்க்கலாம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம், படத்தையும் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள்.

இது சரியா தப்பா என்று ஷெபீல்டு நகரத்தில் சோதித்தார்கள். சின்னக் காயத்தோடு வந்த 1,453 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைப் பயிற்சி பெற்ற நர்சுகள் பார்த்தார்கள். மறு பாதியை இளம் டாக்டர்கள் பார்த்தார்கள். பிறகு அனுபவம் மிக்க டாக்டர் ஒருவர் எல்லோரையும் பரிசோதித்தார்.

முடிவு 1999-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நர்சுகள் பார்த்த 704 பேரில் 65 பேர் விஷயத்தில் முக்கியமான தவறு. டாக்டர்கள் பார்த்த 749 பேரில் 80 பேர் விஷயத்தில் தவறு. நூற்றுக்கு 9.2, நூற்றுக்கு 10.7. கிட்டத்தட்ட சமம்.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். நர்சுகள் டாக்டர்களைவிட மோசம் அல்ல என்பது ஒன்று. இரண்டு தரப்பிலும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத் தப்பு நடந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அந்த நர்சுகள் விபத்துப் பிரிவில் அனுபவப்பட்டு, இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். சின்னக் காயங்களை மட்டுமே பார்த்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டலாம் என்பது அர்த்தம் அல்ல.

என் சித்தப்பாவின் கை

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா அச்சாபீசில் வேலை பார்த்தவர். மழை நாளில் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரே படத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லே, சுளுக்குதான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

வலி விடவில்லை. மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில், முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது இரண்டாக உடைந்து, சேராமலே இருந்தது. இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. உடனே மாவுக்கட்டுப் போடாவிட்டால் ஒரு துண்டு செத்தே போய்விடும். சித்தப்பாவால் அதற்கப்புறம் டைப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. வேலையை விட்டார்.

முதல் டாக்டர் மேல் எனக்கு அப்போது கோபம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்த எலும்பு முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலே போவது உண்டு. கண் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் தெரியாது. பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படம் எடுத்தால் தெரியும். அதனால் அந்த இடத்தில் அமுக்கி வலித்தால், படம் சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் வரச் சொல்ல வேண்டும். இதுதான் விதி.

படத்தைப் பார்த்ததில் டாக்டர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. "மறுபடி வா" என்று சொல்லாததுதான் தப்பு.

யோசித்துப் பாருங்கள். அந்த விதியை ஓர் அட்டையில் எழுதி, காயத்துக்குக் கட்டுப்போடும் நர்சின் மேஜையில் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கட்டை விரல் பக்கம் அமுக்கிப் பார்த்திருப்பார். சித்தப்பா 'ஆ' என்றிருப்பார். கதை மாறியிருக்கும்.

நாலு அடி நடந்தால் போதும்

விதி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இன்னோர் உதாரணம்.

கனடா நாட்டில் ஒட்டாவா நகரத்து டாக்டர் இயன் ஸ்டீல் 1992-ல் ஒரு விதி வகுத்தார். கணுக்கால் சுளுக்கி வருகிறவருக்கு எக்ஸ்ரே வேண்டுமா, வேண்டாமா? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்பக்க ஓரத்திலும் நுனியிலும் அமுக்கிப் பாருங்கள். வலிக்கவில்லையா? விழுந்ததும் நாலு அடி நடந்தாரா, இப்போதும் நடக்கிறாரா? அப்படியானால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டாம். பாதத்துக்கும் இதே மாதிரி தனி விதி உண்டு.

பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். முறிவு தப்பிப்போவது மிக மிக அபூர்வம். அதே நேரம், மூன்றில் ஒரு பங்கு எக்ஸ்ரே தேவையில்லாமல் போனது. காசு மிச்சம். நேரம் மிச்சம். வீண் கதிர்வீச்சும் இல்லை.

இந்தச் சோதனையை நர்சுகளும் செய்கிறார்கள். பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பயிற்சியும் விதியும்தான் தேவைப்பட்டன.

படத்தில் என்ன பார்ப்பார்கள்?

எக்ஸ்ரே படம் ஒன்றும் மந்திரம் அல்ல. 1895 நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி இந்தக் கதிரைக் கண்டார். சில வாரங்களில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. இன்றைக்கும் அடிப்படை அதுதான். கதிர் புகுந்து போகிற இடம் கறுப்பு. எலும்பு தடுக்கிற இடம் வெள்ளை.

பயிற்சி கொடுக்கிறவர்கள் முதலில் சொல்வது, பெயரைப் பார், வலதா இடதா பார் என்பதுதான். அடுத்தவர் படத்தைப் பார்த்து இவருக்கு மாவுக்கட்டுப் போட்டால் என்ன கதி? பிறகு ஒரே பக்கத்துப் படம் போதாது, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று வேண்டும். நேராகப் பார்த்தால் ஒட்டியிருப்பது போலத் தெரியும் எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் விலகி நிற்கும்.

அப்புறம் நாலு விஷயம். எலும்புகள் வரிசையாக இருக்கின்றனவா? ஓரக்கோடு எங்கேயாவது அறுபடுகிறதா? மூட்டு இடைவெளி சீராக இருக்கிறதா? சுற்றிலும் சதை வீங்கியிருக்கிறதா?

நெஞ்சுப் படத்தில் ஒரு பக்கம் மட்டும் நுரையீரலின் கோடுகளே இல்லாமல் கறுத்துக் கிடந்தால் காற்று கசிந்து நிற்கிறது என்று அர்த்தம். கீழே வெள்ளையாகத் தேங்கியிருந்தால் ரத்தமோ நீரோ இருக்கலாம்.

இவ்வளவையும் சில வாரம் படங்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அனுபவமுள்ள நர்சு பிடித்துக்கொள்வார். ஆனால் குழந்தையின் எலும்பு வேறு. வளரும் இடத்தில் எலும்புக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு இயற்கையாகவே இருக்கும். அதை முறிவு என்று நினைத்துவிடலாம். முறிவை, இது இயற்கைக் கோடு என்று விட்டுவிடவும் செய்யலாம். கழுத்து எலும்பும் அப்படித்தான், ஏமாற்றும். இந்த இரண்டிலும் டாக்டர்களே தடுமாறுகிறார்கள். நர்சு கை வைக்காத இடம் எது என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

படமே எடுக்காமல் காரியம் செய்ய வேண்டிய நேரமும் உண்டு. நெஞ்சில் காற்று அடைத்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுகிறவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. வழியிலேயே உயிர் போய்விடும். இதையும் நர்சு அறிந்திருந்தால்தான் "சார், இவரை அனுப்பாதீங்க" என்று குரல் கொடுப்பார்.

போலீஸ் கேசும் மாறும்

கிரைம் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன். இதைப் பலர் யோசிப்பதில்லை.

அடிதடி கேசில் எலும்பு முறிந்ததா இல்லையா என்பதுதான் உயிர்நாடி. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு, எலும்பு முறிவையும் மூட்டு விலகுவதையும் பல் உடைவதையும் கொடுங்காயம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 320-வது பிரிவு.

சாதாரணக் காயம் என்றால் அதிகபட்சம் ஓர் ஆண்டு ஜெயில். கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. ஒரு கோடு போன்ற விரிசல், படத்தில் கண்ணுக்குத் தப்பினால் அடித்தவர் பிழைத்தார். இல்லாத விரிசலை இருக்கிறது என்று எழுதினால் அப்பாவி மாட்டினார்.

விபத்து நஷ்டஈடும் அப்படித்தான். மோட்டார் வாகன கோர்ட்டில் முதலில் கேட்பது விபத்துப் பதிவேட்டு நகல். அடுத்தது எக்ஸ்ரே. அங்கே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல டாக்டர் வர வேண்டும்.

ஆகவே கையெழுத்து டாக்டருடையதாகவே இருக்க வேண்டும். நர்சு ஒட்டுவது பொட்டு. டாக்டர் எழுதுவது ரிப்போர்ட். இரண்டையும் குழப்பினால் கோர்ட்டில் கேஸ் நிற்காது.

படம் பார்த்தும் படுக்கை இல்லை

படத்தைச் சரியாகப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. ஒரு பழைய வழக்கு அதைச் சொல்கிறது.

1992 ஜூலை 8-ந் தேதி மேற்கு வங்காளத்தில் மதுராப்பூர் ரெயில் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரெயிலில் இருந்து விழுந்தார். தலையில் அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றார்கள். கல்கத்தாவில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கொண்டு போனார்கள். மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பலத்த காயம் என்று தெரிந்துவிட்டது. உடனே சேர்க்க வேண்டும் என்று டாக்டரும் எழுதினார். ஆனால் படுக்கை இல்லை!

அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கும் இல்லை. இன்னொன்று. அங்கும் இல்லை. விடிய விடிய அலைந்தார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செலவு சுமார் 17 ஆயிரம் ரூபாய்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 மே 6-ந் தேதி தீர்ப்பு. அவசர சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்றது கோர்ட்டு. 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்சு வந்தது. 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. 2022 ஜனவரி 12-ந் தேதி திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. முன்பு எதற்கெடுத்தாலும் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்போது அந்த நிலை மாறியிருக்கிறது.

ஆனாலும் ஒரே ராத்திரியில் பலர் காயப்பட்டால்? 2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கவரப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரெயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. தீப்பிடித்தது. 19 பேர் காயத்தோடு தப்பினார்கள். யாரும் சாகவில்லை. அது நம் அதிர்ஷ்டம்.

நூறு பேர் காயப்பட்டிருந்தால், நூறு படங்களையும் டியூட்டி டாக்டர் ஒருவரே வரிசையாகப் பார்க்க முடியுமா? "இந்த ஐந்து படத்தை முதலில் பாருங்கள்" என்று எடுத்துக் கொடுக்க ஒரு பழகிய கண் வேண்டாமா?

அமெரிக்காவுக்கு ஓடும் கண்கள்

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். பெங்களூரில் 2002-ல் 'டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ராத்திரி எடுக்கும் ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள் கம்பி வழியாக இங்கே வரும். அங்கே ராத்திரி, இங்கே பகல். நம் நாட்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்த்து, உடனே பதில் அனுப்புவார்கள்.

அமெரிக்க நோயாளியின் ராத்திரிப் படத்தைப் பார்க்க இந்தியாவில் ஆள் இருக்கிறது. திருப்பாச்சூர்க்காரரின் ராத்திரிப் படத்துக்கும் அந்த வழி இருக்க வேண்டாமா?

நம் ஊரில் அதற்குப் பதிலாக நடப்பது வாட்ஸ்அப். படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து, செல்போனில் போட்டோ எடுத்து, டாக்டருக்கு அனுப்புகிறார்கள். அவர் வீட்டிலிருந்தே சொல்கிறார். 2020 மார்ச் 25-ந் தேதி மத்திய அரசாங்கம் வெளியிட்ட தொலைதூர மருத்துவ வழிமுறைகள், நர்சு போன்ற சுகாதாரப் பணியாளர் மூலமாக டாக்டரைக் கலந்தாலோசிக்க இடம் கொடுக்கின்றன. ஆனால் விளக்கு வெளிச்சம் பட்ட மங்கலான போட்டோவில் மயிரிழை விரிசல் தெரியுமா? அதற்கான ஒழுங்கான ஏற்பாடு வேண்டும்.

இரண்டு பக்கத்து நியாயம்

டாக்டர்கள் தரப்பில் ஒரு பயம் இருக்கிறது. அதையும் ஒதுக்கிவிட முடியாது. இன்றைக்கு நர்சு படம் பார்க்கலாம் என்பார்கள், நாளைக்கு டாக்டர் போஸ்டையே எடுத்துவிடுவார்கள் என்பது அந்தப் பயம். 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது, அதன் 32-வது பிரிவு டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட அனுமதி தர இடம் கொடுத்தது. இந்திய மருத்துவச் சங்கம் நாடு முழுக்கப் போராட்டம் நடத்தியது.

நர்சுகள் தரப்பிலும் நியாயம் உண்டு. வேலை கூடும், சம்பளம் கூடாது, தப்பு நடந்தால் தலை மட்டும் உருளும் என்கிறார்கள். இது வெறும் புலம்பல் அல்ல. 2015-ல் பரீட்சை எழுதித் தேர்வான நர்சுகள் மாதம் 7 ஆயிரத்து 700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியது அவர்கள்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைத்திருப்பதும், மூன்று முறை போட்டு வேலை பார்க்கும் இவர்கள்தான்.

அனுபவமுள்ள நர்சு பலர் இப்போதும் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒளித்துப் பார்க்கிறார்கள். "டாக்டர், இதைக் கொஞ்சம் மறுபடியும் பாருங்களேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். நல்ல டாக்டர் கேட்டுக்கொள்வார். சிலர் "உன் வேலையைப் பார்" என்பார்கள். நோயாளியின் கை கால் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஒன்று. விபத்துப் பிரிவு நர்சுகளுக்குப் படம் பார்க்கும் பயிற்சி. கை, கால் எலும்பும் நெஞ்சும் மட்டும். குழந்தை, கழுத்து, தலை வேண்டாம்.

இரண்டு. சிவப்புப் பொட்டு. சந்தேகம் என்றால் பொட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியதற்காக யாரும் திட்டக் கூடாது.

மூன்று. பொட்டு இல்லை என்பதற்காக யாரையும் "ஒண்ணும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

நான்கு. ராத்திரி எடுத்த படம் அத்தனையும் காலையில் ரேடியாலஜிஸ்டு பார்வைக்குப் போக வேண்டும். தப்பு தெரிந்தால் அன்றைக்கே நோயாளிக்குப் போன். அதற்கு ஒரு நோட்டு. அதில் எல்லோருடைய போன் நம்பர்.

ஐந்து. இது எழுத்தில் இருக்க வேண்டும். நர்சு எதுவரை பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அரசாங்க உத்தரவு இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. டாக்டர் போஸ்டைக் குறைக்க இதைக் காரணம் காட்டக் கூடாது என்றும் அதிலேயே எழுத வேண்டும்.

இதில் கோடிக்கணக்கில் செலவாகும் விஷயம் எது? ஒன்றும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இதெல்லாம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். படத்தை டாக்டர் பார்த்தாரா? மறுபடி எப்போது வர வேண்டும்? வலி குறையாவிட்டால் இன்னொரு படம் வேண்டுமா? கேட்பதில் வெட்கம் இல்லை.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே திரும்பிப் போங்கள்.

நம் பக்கத்தில் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் புத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. பாட்டன் காலத்துப் பழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ முதலில் ஆஸ்பத்திரி. இறுகக் கட்டிய நாட்டுக் கட்டில் ரத்த ஓட்டம் நின்று, கையே போனவர்கள் நாட்டில் உண்டு.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்று கூப்பிடுகிறோம். அமாவாசைக்கு அமாவாசை குளத்தில் வெல்லம் கரைக்கக் கூட்டம் அலைமோதுகிறது. நோய் தீர வேண்டும் என்று அத்தனை பேருக்கும் வேண்டுதல். பெருமாளிடம் வேண்டிக்கொள்வோம். கூடவே, ராத்திரி 1 மணிக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்து நிற்கும் அந்த அம்மாவுக்கு ஒரு பயிற்சியும், ஒரு சிவப்புப் பொட்டும், பயப்படாமல் அதை ஒட்ட ஓர் அரசாங்க உத்தரவும் கேட்போம்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?